ஏயூ மைக்ரோஸ்கோப்பியின் கோள் எங்கே மறைந்தது?

கேள்வி: ஏயூ மைக்ரோஸ்கோப்பி விண்மீனின் ஒளியை டெஸ் விண்வெளித் தொலைநோக்கி அளந்த தரவை (2018, செக்டார் 1 என்ற கண்காணிப்புக் கட்டம்) லைட்கர்வ் நிரலில் ஃப்ளாட்டன் செய்து (விண்மீனின் மெதுவான ஒளி ஆட்டத்தை நிரவி), பிஎல்எஸ் தேடலில் (திரும்பத் திரும்ப வரும் ஒளிப் பள்ளங்களைத் தேடும் முறை) போட்டேன். 8.46 நாளுக்கு ஒருமுறை அதைச் சுற்றும் கோள் தெரியவே இல்லை. எங்கே தவறு?

பதில்: பெரும்பாலும் ஃப்ளாட்டனில்தான். எண் எதுவும் கொடுக்காவிட்டால் அது 101 தரவுப் புள்ளிகளை விண்டோவாக (ஒரே சமயத்தில் நிரவும் துண்டாக) எடுத்துக்கொள்ளும். 2 நிமிடத் தரவில் அது 3 மணி 22 நிமிடம். கோள் விண்மீனைக் கடப்பதும் ஏறத்தாழ மூன்றரை மணி நேரம். அதனால் கடப்பின்போது ஒளி குறைந்து விழும் பள்ளத்தையும் விண்மீனின் ஆட்டமாகவே எண்ணி நிரவிவிடுகிறது. விண்டோ, கடப்பு நேரத்தைப்போல் 3 மடங்காவது இருக்கட்டும்; இங்கே 721 (ஒரு நாள்) கொடுத்துப் பாருங்கள். ஒற்றைப்படை எண்தான் செல்லும். மூன்று நாள் என்று நீட்டினாலும் கெட்டது, விண்மீனின் ஆட்டம் நிரவாமல் தங்கிவிடும். விண்மீன் 4.86 நாளில் ஒருமுறை சுழல்கிறது. கரும்புள்ளிகளால் அதன் ஒளி சில சதவீதம் ஏறி இறங்குகிறது. கடப்பின் ஆழமோ கால் சதவீதம்தான்.

அடுத்தது ஃப்ளேர்கள், அதாவது விண்மீன் திடீரென்று வெடித்து ஒளிர்வது. சுமார் 2 கோடி வயதுள்ள செங்குள்ளன் இது, அடிக்கடி வெடிக்கும். விலகிய புள்ளிகளை நீக்கும்போது மேல்பக்கம் மட்டும் 3 சிக்மாவில் (வழக்கமான சிதறலைப்போல் 3 மடங்கு தள்ளி) வெட்டுங்கள். கீழ்ப்பக்கம் வெட்டினால் கடப்பும் போய்விடலாம். ஃப்ளேர் சட்டென்று ஏறி மெதுவாக இறங்கும். உச்சியை மட்டும் எடுத்தால் வால் தங்கிவிடும். பின்வரும் புள்ளிகளையும், ஒளி பழைய நிலைக்கு வரும்வரை, சேர்த்து நீக்குங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் பிஎல்எஸ் முடிவில் 16.93 நாளில் ஒரு முகடு வந்தால் பயப்பட வேண்டாம். செக்டார் 1-இல் பதிவானவை இரண்டே கடப்புகள். நடுவில் வரவேண்டியது தரவு இடைவெளியில் விழுந்துவிட்டது. அந்தத் தரவை மட்டும் வைத்து 8.46-ஐயும் 16.93-ஐயும் பிரிக்க முடியாது. ஸ்பிட்சர் தொலைநோக்கிதான் 2019-இல் அதைத் தீர்த்தது. நீங்கள் 2020-இன் செக்டார் 27-ஐயும் சேர்த்துத் தேடுங்கள். 4.86, 2.43 நாள்களில் வரும் முகடுகள் சுழற்சியின் எச்சம், கோள் அல்ல.

கடப்பு கிடைத்ததும் அந்த நேரங்களை மாஸ்க் செய்து (நிரவலில் சேராமல் மறைத்து), மூலத் தரவை மறுபடி ஃப்ளாட்டன் செய்யுங்கள். ஆழம் சுருங்காமல் இருக்கும். ஆனால் கோளின் ஆரத்தை அளக்க இந்த நிரவிய வளைவு போதாது. கோள் ஒரு கரும்புள்ளியைக் கடந்தால் பள்ளத்துக்குள் சிறு மேடு எழும், ஆழம் குறைவாகத் தெரியும்; கோள் கடக்காத கரும்புள்ளிகளோ ஆழத்தைக் கூட்டிக் காட்டும். ஆகவே காஸியன் ப்ராசஸில் (விண்மீனின் ஆட்டத்தை விவரிக்கும் புள்ளியியல் மாதிரி) சுழற்சிக் காலத்தை 4.86 நாள் அருகே வைத்து, கடப்பு மாதிரியையும் அதையும் ஒன்றாகவே பொருத்துங்கள்.