பழைய சலவை இயந்திரத்தை வீட்டிலேயே சீர்செய்தல்: கேள்வி பதில்

பழைய சலவை இயந்திரங்களைப் பிரித்துச் சுத்தம் செய்து மீண்டும் ஓடவைக்கும் வேலையை நெடுங்காலமாகச் செய்து வருகிறேன். இவ்வேலையில் புதிதாக இறங்கியிருப்பவர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். மின்சாரம் தொடர்பானவற்றுக்குச் சற்று நீளமாகவே எழுத வேண்டியிருந்தது. தண்ணீர், இரும்பு, மின்சாரம் ஆகிய மூன்றும் ஒரே பெட்டிக்குள் சேர்ந்திருக்கும் பொருள் இது.

கேள்வி: பாட்டி பயன்படுத்திய இயந்திரம் முப்பது ஆண்டுகளாகக் கிடங்கில் கிடந்தது. ஓடுகிறதா என்று ஒருமுறை பிளக்கைச் செருகிப் பார்க்கலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். நல்ல நிலையில் கிடைத்த இயந்திரங்கள் பாழாவது பெரும்பாலும் இந்த முதல் ஆர்வத்தில்தான். முப்பது ஆண்டுகளில் வயர்களின் ரப்பர் உறை காய்ந்து, தொட்டால் உதிரும் நிலைக்கு வந்திருக்கும். மோட்டாருக்குள் எலி கூடு கட்டியிருக்கலாம். கியர் பாக்ஸில் இருந்த எண்ணெய் பிசினாகியிருக்கும். இந்த நிலையில் மின்சாரம் கொடுத்தால், சிறிய செலவில் சரியாகியிருக்க வேண்டிய மோட்டாரின் வைண்டிங் (உள்ளே சுற்றிய செம்புக் கம்பிச் சுருள்) சில வினாடிகளில் கருகிவிடும்.

முதலில் பின்புறத் தகட்டைக் கழற்றி, எதையும் தொடுவதற்கு முன் எல்லாப் பக்கமும் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெல்ட்டைக் கழற்றிவிட்டு மோட்டாரைக் கையால் சுற்றிப் பாருங்கள். பிறகு தொட்டியின் பக்கமுள்ள புல்லியைச் சுற்றிப் பாருங்கள். இரண்டும் தடையின்றிச் சுற்ற வேண்டும். வயர்களை மெல்ல வளைத்துப் பார்த்து, உறை வெடிக்கும் ஒவ்வொரு வயரையும் மாற்றிவிடுங்கள். ஒன்று வெடித்தால் மற்றவையும் அதே வயதுடையவை என்பதை மறக்க வேண்டாம். ஹீட்டர் உள்ள இயந்திரங்களில் அதன் அருகே வெள்ளை நாரால் சுற்றிய வயர் இருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கக்கூடும். அதைச் சுரண்டவோ ஊதவோ கூடாது. அப்படியே விட்டுவிட்டு, அதை அகற்றும் பயிற்சி பெற்றவரை அழையுங்கள்.

அடுத்தது இன்சுலேஷன் சோதனை. சாதாரண மல்டிமீட்டர் இதற்குப் போதாது, ஏனெனில் அது சில வோல்ட்டில்தான் அளக்கிறது. 500 வோல்ட் கொடுக்கும் மெகர் என்னும் இன்சுலேஷன் மீட்டர் கொண்டு வைண்டிங்குக்கும் மோட்டாரின் உடலுக்கும் இடையே அளந்தால் குறைந்தது 1 மெகாஓம் காட்ட வேண்டும். குறைவாக இருந்தால் பெரும்பாலும் ஈரம்தான் காரணம். மோட்டாரைக் கழற்றி, காற்றோட்டமான வெப்பமான இடத்தில் இரண்டு மூன்று நாட்கள் உலர்த்தி மீண்டும் அளந்து பாருங்கள்.

இவையெல்லாம் சரியான பிறகு, பெல்ட் இல்லாமல், மோட்டாருக்கு மட்டும், 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே துண்டித்துவிடும் பாதுகாப்பு சுவிட்ச் வழியாக மின்சாரம் கொடுங்கள். குண்டு பல்பைத் தொடரில் இணைத்துச் சோதிக்கும் சீரிஸ் லேம்ப் முறையைப் பலரும் பரிந்துரைக்கிறார்கள். வானொலிப் பெட்டிக்கு அது அருமையான முறை. ஆனால் நின்றிருக்கும் மோட்டாரின் மின்தடை மிகவும் குறைவு. நல்ல மோட்டாராக இருந்தாலும் பல்பு ஏறக்குறைய முழு வெளிச்சத்தில் எரியும், ஷார்ட் ஆன மோட்டாரும் அப்படியே எரியவைக்கும். ஆகவே இங்கே அதை நம்பி முடிவெடுக்க முடியாது.

கேள்வி: என்னிடம் உள்ளதற்கு இரண்டு பின் பிளக்தான் இருக்கிறது, எர்த் வயரே கிடையாது. பழைமை மாறாமல் அப்படியே வைத்துக்கொள்ளலாமா?

பதில்: காட்சிக்கு மட்டும் வைப்பதென்றால் வைத்துக்கொள்ளுங்கள், துவைப்பதென்றால் கட்டாயம் மாற்றுங்கள். ஈரத் தரையில் ஈரக் கையுடன் ஒருவர் தொடப்போகும் இரும்புப் பெட்டி அது. மூன்று கம்பியுள்ள கேபிளைப் பொருத்தி, எர்த் வயரை இயந்திரத்தின் உடலோடும் மோட்டாரின் உடலோடும் தனித்தனியே இணையுங்கள். இணைக்கும் இடத்தில் பெயின்டையும் துருவையும் பளபளக்கும் உலோகம் தெரியும்வரை சுரண்டி, பல் உள்ள வாஷர் போட்டு இறுக்க வேண்டும். மோட்டார் ரப்பர் புஷ்மீது உட்கார்ந்திருந்தால் உடலுக்குக் கொடுத்த எர்த் மோட்டாருக்குப் போய்ச் சேராது. அதனால்தான் தனித்தனியே என்று சொல்கிறேன். பழைய தோற்றம் வேண்டுமென்றால், மேலே நூல் பின்னிய மூன்று கம்பிக் கேபிள் புதிதாகவே செய்யப்படுகிறது.

கேள்வி: மோட்டார் "ம்ம்" என்று உறுமுகிறது, சுற்றவில்லை. எரிந்துவிட்டதா?

பதில்: பெரும்பாலும் இல்லை. அந்தக் காலத்து இயந்திரங்களில் அதிகம் காணப்படுவது ஒற்றைக் கட்ட (சிங்கிள் ஃபேஸ்) இண்டக்‌ஷன் மோட்டார். அதில் ஓடும் வைண்டிங் ஒன்று, தொடக்க வைண்டிங் ஒன்று என இரண்டு உண்டு. ஓடும் வைண்டிங் மட்டும் உயிருடன் இருந்தால் காந்தப்புலம் முன்னும் பின்னும் துடிக்குமே தவிர, எந்தத் திசையிலும் சுழலத் தொடங்காது. அந்தத் துடிப்பைத்தான் உறுமலாகக் கேட்கிறீர்கள். தொடக்க வைண்டிங்தான் முதல் தள்ளுதலைக் கொடுக்கிறது. வேகம் முக்கால் பங்கை எட்டியதும், மோட்டாருக்குள் இருக்கும் மையவிலக்கு சுவிட்ச் அதைத் துண்டித்துவிடும்.

எனவே குறை மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கும்: தொடக்க வைண்டிங்குக்கு உதவும் கெபாசிட்டர் (சில மோட்டார்களில் மட்டும் இருக்கும்), மையவிலக்கு சுவிட்ச், தொடக்க வைண்டிங். என் அனுபவத்தில் சுவிட்ச்தான் முதல் சந்தேகத்துக்குரியது. அதன் தொடுமுனைகளில் களிம்பு படிந்திருக்கும், அல்லது அதன் எடைக்கட்டைகள் காய்ந்த கிரீஸில் ஒட்டிக்கொண்டு திறந்த நிலையிலேயே நின்றிருக்கும். மோட்டாரின் மூடியைக் கழற்றுவதற்கு முன் மூடியிலும் உடலிலும் ஒரே கோடாகக் குறி போட்டுக்கொள்ளுங்கள். இல்லையெனில் திரும்பப் பொருத்தும்போது ஷாஃப்ட் கோணிவிடும். தொடுமுனைகளை மிக நைசான உப்புத்தாளால் ஒருமுறை தேய்த்துத் துடைத்தாலே பல மோட்டார்கள் எழுந்துவிடும்.

கெபாசிட்டர் இருந்தால், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்னூட்டம் தங்கியிருக்கும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். ஸ்குருடிரைவரால் இரு முனைகளையும் ஷார்ட் செய்யாமல், சில ஆயிரம் ஓம் ரெசிஸ்டர் வழியாக மின்னூட்டத்தை இறக்கிவிட்டு, மீட்டரால் உறுதிசெய்து கொண்டு கழற்றுங்கள். புதியதன் மைக்ரோஃபாரட் அளவு பழையதன் அளவாகவே இருக்க வேண்டும். வோல்ட் அளவு சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். தொடக்கத்துக்கான கெபாசிட்டரைத் தொடர்ந்து மின்சுற்றில் நிற்கும் இடத்தில் போட்டால் சூடேறி வெடித்துவிடும். 1970களின் இறுதிக்கு முற்பட்ட, எண்ணெய் நிரம்பிய உலோக டப்பா கெபாசிட்டர்களில் பிசிபி என்னும் நச்சு எண்ணெய் இருக்கக்கூடும். கசிவு தெரிந்தால் கையுறை இல்லாமல் தொடாதீர்கள், சாதாரணக் குப்பையிலும் போடாதீர்கள்.

எதுவானாலும் மோட்டாரை உறுமியபடி ஐந்து வினாடிக்கு மேல் விட வேண்டாம். நீங்கள் கேட்ட "எரிதல்" நடப்பது அப்போதுதான்.

கேள்வி: பெயர்த்தகட்டில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று இருக்கிறது. என் வீட்டில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஒரு டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் போதும் என்கிறார்கள், சரியா?

பதில்: பாதிதான் சரி. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. 60 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,725 சுற்று சுற்றும் மோட்டார், 50 ஹெர்ட்ஸில் 1,425 அளவில்தான் சுற்றும். துவைப்பு சற்று மெதுவாகும். டைமரை ஓட்டும் சிறு மோட்டாரும் அதே விகிதத்தில் மெதுவாவதால் 12 நிமிடச் சுற்று 14 நிமிடத்தைத் தாண்டும். இவற்றோடு வாழ்ந்துவிடலாம். ஆனால் அதே வோல்ட்டில் ஹெர்ட்ஸ் குறையும்போது இரும்புக் கருவில் காந்தப்புலம் 20 சதவீதம் கூடிப்போகிறது; கரு அதற்குமேல் காந்தப்புலத்தை ஏற்க முடியாமல் நிறைவடைந்து, மோட்டார் அளவுக்கு மீறிச் சூடாகிறது. வெளியே தெரியாமல் நாள்கணக்கில் இன்சுலேஷனைத் தின்னும் குறை இது. டிரான்ஸ்ஃபார்மரே வேண்டுமென்றால் 120க்குப் பதில் 100 வோல்ட் வெளியீடுள்ளதைத் தேர்ந்தெடுங்கள். வோல்ட்டும் ஹெர்ட்ஸும் ஒரே விகிதத்தில் குறைவதால் சூடு கட்டுக்குள் நிற்கும். கிளம்பும் நேரத்து மின்னோட்டத்தையும் அது தாங்க வேண்டும் என்பதால், ஓடும்போது எடுக்கும் அளவைப் போல மூன்று நான்கு மடங்கு திறனுள்ளதாக இருக்கட்டும்.

நான் இப்படி ஓர் இயந்திரத்தைச் செய்ய நேர்ந்தால், உள்ளூர் மின்சாரத்துக்குப் பொருந்தும் மோட்டாரை அதே ஷாஃப்ட் அளவிலும் அதே சுழல் திசையிலும் பொருத்தி, பழைய மோட்டாரைத் துணியில் சுற்றி, எந்த இயந்திரத்தினுடையது என்று எழுதி, பத்திரமாக வைப்பேன்.

கேள்வி: துணி பிழியும் இரட்டை ரப்பர் உருளைகள் கல்லாக இறுகிவிட்டன. மாற்றாமல் பயன்படுத்தலாமா? வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள்.

பதில்: உருளையைப் பற்றிப் பேசுவதற்கு முன், அழுத்தத்தை ஒரே தட்டில் விடுவிக்கும் அவசர நெம்புகோல் வேலை செய்கிறதா என்று பாருங்கள். விரல், கூந்தல், தளர்ந்த சட்டைக் கை எதையும் அந்த உருளைகள் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. அவை ஓடிய காலத்தில் குழந்தைகளின் கைகள் முழங்கைவரை உள்ளே இழுக்கப்பட்ட விபத்துகள் மருத்துவர்களுக்குப் பழக்கமானவையாக இருந்தன. உள்ளங்கையால் தட்டியதும் மேல் உருளை துள்ளி எழ வேண்டும். எழவில்லை என்றால், எழும்வரை அந்தப் பிழியும் பகுதிக்கு மின்சாரமோ கியரோ இணைக்க வேண்டாம். சரியான பிறகும் குழந்தைகள் இருக்கும் அறையில் அதை ஓட்டாதீர்கள்.

இறுகிய ரப்பர் நழுவும், துணியைக் கிழிக்கும். அச்சு எஃகு நல்ல நிலையில் இருந்தால், தொழிற்சாலை உருளைகளுக்கு ரப்பர் போடுகிறவர்கள் அதன்மீது புது ரப்பர் ஏற்றித் தருவார்கள். சுத்தம் செய்யச் சோப்புத் தண்ணீர் போதும். பெட்ரோலும் எண்ணெயும் ரப்பரை ஊதவைத்துவிடும். வேலை முடிந்ததும் அழுத்தத்தைத் தளர்த்தி வையுங்கள், இல்லாவிட்டால் உருளையில் தட்டையான தடம் விழும்.

கேள்வி: தொட்டியிலும் கால்களிலும் துரு. சலவை சோடாவும் பேட்டரி சார்ஜரும் வைத்து மின்பகுப்பு முறையில் நீக்கலாம் என்று படித்தேன். எல்லாப் பாகங்களுக்கும் பொருந்துமா?

பதில்: எஃகுக்கும் வார்ப்பிரும்புக்கும் மிகவும் பொருந்தும்; நல்ல உலோகத்தை அது அரிப்பதில்லை. அலுமினியத்துக்கு ஒருபோதும் கூடாது. சலவை இயந்திரங்கள் செய்த மேடேக் நிறுவனத்தின் சதுர வடிவத் தொட்டி வார்த்த அலுமினியத்தால் ஆனது. சலவை சோடாக் கரைசலில் அதை மூழ்கடித்தால் கறுத்து அரிபட்டுவிடும். துத்தநாகம் பூசிய தொட்டியையும் இதில் இறக்காதீர்கள்.

செய்யும் முறை எளிது: தண்ணீரில் சலவை சோடாவைக் கரைத்து, துருப்பிடித்த பாகத்தைச் சார்ஜரின் எதிர்முனையோடும், வேண்டாத சாதாரண இரும்புத் தகட்டை நேர்முனையோடும் இணைத்து, இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் தொங்கவிட வேண்டும். முனைகளை மாற்றிக் கொடுத்துவிட்டால் உங்கள் பாகம்தான் கரையும். நேர்முனையில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வைக்கவே கூடாது, அதிலிருந்து நச்சுத்தன்மையுள்ள குரோமியம் கரைசலில் இறங்கும். ஹைட்ரஜன் வாயு எழுவதால் திறந்த வெளியில், தீப்பொறி இல்லாத இடத்தில் செய்யுங்கள். கம்பிகளைக் கழற்றும் முன் சார்ஜரை அணைத்துவிடுங்கள்.

எனாமல் தொட்டியில் சில்லு பெயர்ந்த இடத்துக்கு வேறு வழி. எனாமல் என்பது ஏறத்தாழ 800 டிகிரி சூட்டில் உலோகத்தோடு உருகிப் பிடித்த கண்ணாடி. அதை வீட்டில் மீண்டும் செய்ய இயலாது. துருவைச் சுரண்டி, பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு மாற்றியைச் சில்லுக்குள் மட்டும் தடவி, காய்ந்த பின் நீர் தாங்கும் எப்பாக்ஸி எனாமலால் மெல்லிய அடுக்குகளாக மூடுங்கள்.

கேள்வி: கியர் பாக்ஸிலிருந்து வடித்த எண்ணெய் பால் கலந்த காபி போல இருந்தது. புது எண்ணெய் ஊற்றினால் போதுமா?

பதில்: போதாது. அந்த நிறம் தண்ணீர் கலந்ததன் அடையாளம். மேலே ஷாஃப்ட் நுழையும் இடத்தில் ஆயில் சீல் போய்விட்டது. சீலை மாற்றி, உள்ளே மண்ணெண்ணெயால் கழுவி, பேரிங்குகளில் துரு இல்லை என்று பார்த்த பிறகே புது எண்ணெய். சீல் உரசும் இடத்தில் ஷாஃப்டில் நகத்துக்குத் தட்டுப்படும் பள்ளம் இருந்தால், புது சீலும் ஒரு மாதத்தில் கசியும். மெல்லிய எஃகு உறையை அந்த இடத்தில் ஏற்ற வேண்டும்.

கேள்வி: பேரிங்கின் மேல் எழுத்துகள் அழிந்துவிட்டன. எப்படி வாங்குவது?

பதில்: உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் மூன்றையும் வெர்னியரால் அளந்தால் எண் கிடைத்துவிடும். 17, 40, 12 மில்லிமீட்டர் என்றால் 6203. 20, 47, 14 என்றால் 6204. 25, 52, 15 என்றால் 6205. பொருத்தும்போது ஷாஃப்டில் ஏற்றினால் உள் வளையத்தையும், கூட்டில் இறக்கினால் வெளி வளையத்தையும் மட்டுமே தட்டுங்கள்.

கேள்வி: பெல்ட் எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும்?

பதில்: இரு புல்லிகளுக்கும் நடுவில் விரலால் அழுத்தினால் அரை அங்குலம் இறங்க வேண்டும். அதைவிட இறுக்கினால் பேரிங்தான் சேதமாகும்.

கேள்வி: என்னிடம் உள்ள முன்பக்கக் கதவு இயந்திரத்தின் அடியில் போல்ட் போட நான்கு துளைகள் உள்ளன. அனுப்புவதற்காகப் போட்டவையா?

பதில்: இல்லை, தரையோடு பிணைப்பதற்காக. 1937இல் வெளிவந்த பெண்டிக்ஸ் தானியங்கி இயந்திரம் போன்ற தொடக்ககால வடிவங்களில், சுழலும் பெட்டியைத் தாங்கும் ஸ்பிரிங்கோ அதிர்வுதாங்கியோ இல்லை. துணிகள் ஒருபுறம் சேர்ந்து பிழியும்போது எழும் ஆட்டம் முழுவதும் தரைக்குத்தான் போகும். கான்கிரீட் தரையில் நான்கு போல்ட்டும் போட்டு இறுக்கிய பிறகே பிழியும் சுற்றை ஓட்டுங்கள், மரத்தரையானால் ஓட்டாதீர்கள்.

கேள்வி: முழுவதும் புதிதாகப் பெயின்ட் அடிக்கலாமா, பழைய நிறத்தோடே விடலாமா?

பதில்: பழைய பெயின்ட் பாதிக்கு மேல் நிற்கிறது என்றால் விட்டுவிடுங்கள் என்பதே என் கருத்து. மெழுகு போட்டுத் தேய்த்த பழைய பெயின்டுக்கு இருக்கும் ஆழத்தைப் புதுப் பூச்சு தருவதில்லை. அடித்தே ஆக வேண்டுமென்றால், பழைய பூச்சில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொண்டு, உலர் தூசி பறக்காமல் ஈரமாக மட்டும் தேய்த்து, முகக்கவசம் அணியுங்கள். பெயர்த்தகட்டின் மீதும் எழுத்துகளின் மீதும் பெயின்ட் படவே கூடாது. பின்னாளில் யாரேனும் உதிரிபாகம் தேடும்போது அந்த எண்கள்தான் வழிகாட்டும்.

கேள்வி: எல்லாம் முடிந்துவிட்டது. முதல் துவைப்பை எப்படித் தொடங்குவது?

பதில்: துணி இல்லாமல் தொடங்குங்கள். தொட்டியில் பாதி தண்ணீர் நிரப்பி, இயக்காமல் ஒரு மணி நேரம் விட்டு, அடியில் உலர்ந்த காகிதம் விரித்து ஒரு சொட்டாவது விழுகிறதா என்று பாருங்கள். பிறகு பத்து நிமிடம் ஓட்டி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு மோட்டாரின் மேல் கை வையுங்கள். கையை வைத்திருக்க முடிந்தால் நல்லது, முடியாவிட்டால் எங்கோ இறுக்கம் இருக்கிறது. அதன்பின் பழைய துண்டுகள் இரண்டை மட்டும் போட்டு முழுச் சுற்று ஓட்டுங்கள். உள்ளே தங்கியிருந்த துருவும் கிரீஸும் முதல் இரண்டு மூன்று சுற்றுகளுக்கு வெளிவரும் என்பதால், வடியும் தண்ணீர் தெளிந்த பிறகே நல்ல துணிகளைப் போடலாம்.