குறைந்த பட்ஜெட்டில் குடும்பத்தோடு முதல் குரூஸ்: எதை முதலில் முடிவு செய்வது?

கேள்வி: நான், கணவர், 8 வயது மகன், 3 வயது மகள். இதுவரை கப்பல் பயணம் போனதில்லை. கையில் இருக்கும் பணம் அளவானதுதான். எந்தக் குரூஸ், எந்தக் கேபின், எத்தனை நாள் என்று எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

பதில்:

சுற்றிப் பார்க்கப் போகிற ஊர்களைக் கடைசியாக முடிவு செய்யுங்கள். கப்பல் எந்தத் துறைமுகத்திலிருந்து கிளம்புகிறது என்பதுதான் முதல் கேள்வி.

முதல் தடவை நான் இதைத் தலைகீழாகச் செய்தேன். படத்தில் பார்த்த ஒரு தீவு மனதில் ஒட்டிக்கொண்டது. அந்தத் தீவுக்குப் போகும் கப்பலில் கட்டணமும் குறைவாக இருந்ததால் உடனே பதிவு செய்துவிட்டேன். அப்புறம்தான் மற்ற செலவுகள் வரிசையாக வந்தன. கப்பல் கிளம்பும் ஊருக்கு நான்கு விமான டிக்கெட், முந்தின இரவு தங்க ஓட்டல், பெட்டிகளோடு துறைமுகம் வரை டாக்ஸி. திரும்பும்போதும் பாதிக்கு மேல் அதே செலவு. எல்லாம் கூட்டிப் பார்த்தபோது, கப்பலுக்குக் கொடுத்ததைவிடக் கப்பலைப் போய்ப் பிடிக்கக் கொடுத்தது அதிகம். அந்த ஓட்டல் செலவையும் தவிர்க்க முடியாது. விமானம் தாமதமானால் கப்பல் நமக்காக நிற்காது. அதனால் விமானத்தில் போகிறவர்கள் ஒரு நாள் முன்னதாகவே போய்ச் சேர்ந்துவிட வேண்டும். இரண்டாவது முறை, ரயிலிலேயே போய்விடக்கூடிய துறைமுகமாகப் பார்த்தோம். கப்பல் கட்டணம் முன்பைவிட அதிகம்தான். ஆனாலும் மொத்தச் செலவு கணிசமாகக் குறைந்தது.

இணையதளத்தில் பெரிய எழுத்தில் தெரியும் தொகை, ஒரு கேபினில் இரண்டு பேர் தங்கினால் ஒருவருக்கு ஆகும் கட்டணம். அதை நான்கால் பெருக்கிப் பயப்பட வேண்டாம். அதே கேபினில் தங்கும் மூன்றாவது, நான்காவது ஆளுக்குப் பெரும்பாலும் குறைவாகத்தான் வாங்குவார்கள். சில நிறுவனங்கள் சில தேதிகளில் பிள்ளைகளுக்குக் கட்டணமே இல்லை என்று அறிவிக்கும். அப்போதும் துறைமுக வரி தலைக்கு இவ்வளவு என்று உண்டு, அது குழந்தைக்கும் சேர்த்துத்தான். டிப்ஸும் அப்படியே. பல பெரிய நிறுவனங்களில் கப்பல் ஊழியர்களுக்கான டிப்ஸ் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 15 டாலருக்கு மேல் தானாகவே கணக்கில் ஏறிவிடும். 16 டாலர் என்று வைத்துக்கொண்டாலும், நான்கு பேர் ஏழு இரவுக்கு 448 டாலர். முதலில் பார்த்த தொகையில் இது இருக்காது. இரண்டு வயதுக்குக் கீழே இருந்தால் சில நிறுவனங்கள் விட்டுவிடும். உங்கள் பிள்ளைகள் அந்த வயதைத் தாண்டிவிட்டார்கள்.

நான் செய்வது இதுதான். நோட்டில் ஒரு பக்கம் எடுத்து, வீட்டுக் கதவைப் பூட்டுவதில் தொடங்கித் திரும்பி வந்து திறக்கும் வரை ஆகும் எல்லாச் செலவையும் எழுதிக் கூட்டுவேன். அதைக் கப்பலில் தூங்கப்போகும் இரவுகளின் எண்ணிக்கையால் வகுப்பேன். இரண்டு பயணங்களை ஒப்பிட நான் நம்புவது இந்த எண்ணை மட்டும்தான். மலிவு என்று நினைத்த பயணங்களில் பாதி இந்தக் கணக்கிலேயே அடிபட்டுப் போகும்.

சரி, கேபின். பணம் அளவாக இருந்தால் ஜன்னல் இல்லாத உள்பக்கக் கேபினே போதும், தைரியமாக எடுங்கள். கதவைச் சாத்தி விளக்கை அணைத்தால் நடுப்பகலும் நள்ளிரவு மாதிரி இருட்டிவிடும். மதியம் தூங்கும் குழந்தைக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஆனால் நான்கு பேருக்கு அது சின்ன இடம்தான், பல கப்பல்களில் சுமார் 15 சதுர மீட்டர். நாங்கள் இருந்த கேபினில் பகலில் இரண்டு படுக்கைகள்தான் தெரியும். மற்ற இரண்டும் கூரைக்குள் மடங்கியிருக்கும். மாலையில் நாங்கள் சாப்பிடப் போயிருக்கும் நேரத்தில் கேபின் ஊழியர் வந்து அவற்றைக் கீழே இறக்கி, ஏணியைச் சாய்த்து வைத்துவிட்டுப் போவார். திரும்பி வந்து கதவைத் திறந்தால் அறையே வேறாக இருக்கும். மகன் முதல் இரவு அந்த ஏணியில் ஏறி இறங்கியே அரை மணி நேரம் ஓட்டினான். மகளை அங்கே படுக்கவைக்க எனக்கு மனம் வரவில்லை. அவள் மூன்று இரவும் எங்கள் நடுவில்தான் தூங்கினாள், நாங்கள் இருவரும் ஆளுக்கொரு ஓரத்தில் தொங்கிக்கொண்டிருந்தோம்.

ஆகவே நான்கு பேர் தங்கலாம் என்று போட்டிருப்பது மட்டும் போதாது. மூன்றாவது, நான்காவது படுக்கை எந்த வகை என்று கேளுங்கள். இரண்டும் கூரையிலிருந்து இறங்குபவையா, அல்லது ஒன்று சோபாவை விரித்துப் போடும் படுக்கையா? 3 வயதுக் குழந்தை இருப்பதால் உங்களுக்கு இரண்டாவது வகைதான் சரிப்படும். இன்னொரு விஷயம், கேபின் சுவர்கள் பெரும்பாலும் இரும்புத் தகடு. காந்தக் கொக்கி நான்கைந்து கொண்டுபோனால் தொப்பி, துண்டு, பை எல்லாம் சுவரில் தொங்கும், தரை காலியாக இருக்கும். காலிப் பெட்டிகள் கட்டிலுக்கு அடியில் போய்விடும். பேட்டரியில் எரியும் சின்ன இரவு விளக்கு ஒன்றும் தேவை, அந்த இருட்டில் குழந்தை எழுந்தால் கதவு எந்தப் பக்கம் என்றே தெரியாது.

கடைசி நேரத்தில் காலியாக இருக்கும் கேபின்கள் அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும் என்று பலர் சொல்வார்கள். இரண்டு பேராகப் போகிறவர்களுக்கு அது சரியாக இருக்கலாம், நான்கு பேர் கொண்ட குடும்பம் அதை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. நான்கு பேர் தங்கும் கேபின்கள் கப்பலில் குறைவு. அதோடு உயிர்காப்புப் படகுக் கணக்கும் இருக்கிறது. 1912-இல் டைட்டானிக் மூழ்கிய பிறகு 1914-இல் கடல் பயணப் பாதுகாப்புக்கென்று சர்வதேச உடன்படிக்கை வந்தது, கப்பலில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் படகில் இடம் இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. ஆபத்து நேரத்தில் எந்தப் பகுதிக் கேபின்காரர்கள் எங்கே கூட வேண்டும், எந்தப் படகு என்பதெல்லாம் முன்பே பிரித்து வைத்திருப்பார்கள். ஒரு பகுதியில் தலை எண்ணிக்கை நிரம்பிவிட்டால், அங்கே படுக்கை காலியாக இருந்தாலும் மூன்றாவது, நான்காவது ஆளைச் சேர்க்க மாட்டார்கள். இணையதளத்தில் இரண்டு பேர் என்று தேடினால் கேபின் காட்டுவதும், நான்கு பேர் என்று மாற்றியதும் எல்லாம் மறைந்துபோவதும் பெரும்பாலும் இப்படித்தான்.

அதனால் முன்கூட்டியே பதிவு செய்யுங்கள், ஆனால் டெபாசிட் திரும்பக் கிடைக்கும் வகையில். திரும்பக் கிடைக்காத டெபாசிட் என்றால் கொஞ்சம் மலிவாக இருக்கும். சின்னக் குழந்தைகளை வைத்துக்கொண்டு அந்தச் சிறு மிச்சத்துக்கு ஆசைப்படுவது எனக்குச் சரியாகத் தோன்றவில்லை, காய்ச்சல் தேதி பார்த்து வராது. முழுப் பணமும் கட்ட வேண்டிய கடைசி நாள் பெரும்பாலும் பயணத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்பு வரும். அதுவரை வாரம் ஒரு தடவை விலையைப் பாருங்கள். அதே கேபின் வகையின் விலை இறங்கினால் பல நிறுவனங்கள் கேட்டதும் குறைத்துக் கொடுக்கும். கேட்காமல் குறைக்க மாட்டார்கள்.

கேபின் எண்ணை நாமே தேர்ந்தெடுக்காமல் அவர்கள் கொடுப்பதை எடுத்துக்கொள்வதாகச் சொன்னாலும் விலை குறையும். ஜன்னலே இல்லாத கேபினுக்கு அது நல்ல பேரம்தான். ஆனால் யாருக்காவது பேருந்திலேயே தலைசுற்றி வாந்தி வரும் என்றால் வேண்டாம். அவர்களுக்குக் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தளத்தில் கேபின் வேண்டும். ஆட்டம் அங்கேதான் குறைவாகத் தெரியும்.

அடுத்தது, உங்கள் மகள். எந்தக் கப்பல் என்பதை உண்மையில் அவள் வயதுதான் முடிவு செய்யும். கப்பலில் பிள்ளைகளுக்கான கிளப் பெரும்பாலும் இலவசம், விளையாட்டு, கைவேலை என்று பகல் முழுக்க ஓடும். பெரும்பாலான நிறுவனங்கள் 3 வயது நிறைந்து, டயப்பர் பழக்கம் விட்ட குழந்தைகளைத்தான் சேர்க்கும். 2 வயதிலேயே சேர்க்கும் கார்னிவல் போன்ற நிறுவனங்களும் உண்டு. எங்கள் மகளுக்கு 3 வயது நிறைய 11 நாள் பாக்கி இருந்தது. கிளப் வாசலில் இருந்த பெண் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு, அன்பாகத்தான், முடியாது என்று சொல்லிவிட்டார். அண்ணன் உள்ளே போக, இவள் கண்ணாடிக் கதவில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றாள். அதன்பின் நானும் கணவரும் முறை வைத்துத்தான் எதையும் பார்த்தோம். பயணத் தேதியை இரண்டு வாரம் தள்ளியிருந்தால் போதும், நான்கு பேருக்குமே அது வேறு விடுமுறையாக இருந்திருக்கும். டயப்பர் விதி நீச்சல் குளத்துக்கும் உண்டு. அமெரிக்கத் துறைமுகங்களுக்குப் போகும் கப்பல்களில், சுகாதார விதிப்படி, டயப்பர் போடும் குழந்தையைக் குளத்தில் இறக்க விட மாட்டார்கள், நீச்சலுக்கான டயப்பராக இருந்தாலும் சரி. உங்கள் மகள் இன்னும் டயப்பரை விடவில்லை என்றால் டயப்பர் போடும் குழந்தைகளுக்கென்று தனித் தண்ணீர் விளையாட்டு இடம் இருக்கும் கப்பலாகப் பாருங்கள்.

புதிய கப்பல்தான் வேண்டும் என்ற ஆசையை முதல் பயணத்தில் விட்டுவிடலாம். 2024-இல் ஓடத் தொடங்கிய ஐகான் ஆஃப் தி சீஸ் சுமார் 2.5 லட்சம் டன் கொள்ளளவு கொண்டது, விலையும் அதற்கேற்பத்தான். ஆனால் 1999-இல் வந்த வாயேஜர் ஆஃப் தி சீஸிலேயே பனிச்சறுக்குத் தளமும் பாறை ஏறும் சுவரும் இருந்தன. 8 வயதுப் பையன் கப்பலின் வயதைக் கேட்க மாட்டான்.

எத்தனை இரவு? நான்கு அல்லது ஐந்து. மூன்று இரவுப் பயணம் பார்க்க மலிவு, ஆனால் முதல் நாள் ஏறவே மதியம் ஆகிவிடும், கடைசி நாள் காலையிலேயே இறக்கிவிடுவார்கள். மீதி இருப்பது இரண்டு பகல். நீங்கள் எடுக்கும் பயணத்தில் ஒரு பகலாவது கப்பல் எங்கேயும் நிற்காமல் கடலிலேயே போகும் நாளாக இருக்கட்டும். பட்ஜெட் குடும்பத்துக்கு அந்த நாள்தான் வரம். சாப்பாடு, குளம், நாடகம், கிளப் எல்லாம் ஏற்கெனவே கொடுத்த பணத்தில் அடங்கியது. பணம் கரைவது கரையில் இறங்கும் நாட்களில்தான்.

கரையில் இறங்கும் ஊர்களின் பெயரை வைத்து ஏமாறாதீர்கள். 'ரோம்' என்று போட்டிருக்கும், கப்பல் நிற்பது சிவித்தாவெக்கியா துறைமுகத்தில், ரோம் அங்கிருந்து 70 கிலோமீட்டருக்கு மேல். 'பாரிஸ்' என்றால் பல சமயம் லே ஆவ்ர், சாலை வழியே சுமார் 200 கிலோமீட்டர். பாங்காக் என்றால் லாம் சபாங், அதுவும் 100 கிலோமீட்டருக்கு மேல். நான்கு பேருக்குப் பேருந்துச் சுற்றுலா எடுத்தால் பட்ஜெட் அங்கேயே முடிந்துவிடும். மால்டாவின் வல்லெட்டா அப்படி இல்லை, கோட்டைச் சுவருக்கு அடியிலேயே கப்பல் நிற்கும், ஒரு லிஃப்ட்டில் ஏறினால் மேலே ஊர். சந்தோரினியில் பெரிய கப்பல் கரையை ஒட்டாது, சின்னப் படகில் மாறி இறங்கி, ஊருக்கு மேலே ஏற கேபிள் காருக்கு வரிசையில் நிற்க வேண்டும். தள்ளுவண்டியோடு அது பெரிய பாடு. கப்பல் நிற்கும் துறைமுகத்தின் உண்மையான பெயரை வரைபடத்தில் போட்டுப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை.

விசாவும் ஊர் பெயரோடு சேர்ந்ததே. ஒரு நாட்டில் ஏறி, வெளியே போய், மீண்டும் அதே நாட்டில் இறங்குவதென்றால் பல முறை நுழையும் விசா தேவைப்படலாம். நிற்கும் ஒவ்வொரு நாட்டுக்கும் தனியாகச் சரிபாருங்கள். எல்லோருடைய பாஸ்போர்ட்டும் பயணம் முடிந்த பிறகு ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்கட்டும். மருத்துவச் செலவுக்கான பயணக் காப்பீட்டில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள், கப்பல் மருத்துவரிடம் போனால் பணம் கையோடு நம் கணக்கில் ஏறும். கரீபியன் பக்கம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் காலம், அப்போது விலை இறங்கும். வழி மாறினாலும் பரவாயில்லை என்றால் எடுக்கலாம்.

கப்பலில் கூல்டிரிங்ஸ், வைஃபை, படம் எடுத்து விற்பது எல்லாம் தனிக் காசு. போன்களை ஏறியதுமே ஏரோப்ளேன் மோடில் போட்டுவிடுங்கள், கடலில் ரோமிங் பில் தாங்காது.

கடைசியாக, ஏறும் நாளுக்கு ஒரு விஷயம். துறைமுகத்தில் பெரிய பெட்டிகளை வாங்கிக்கொள்வார்கள், அவை கேபின் கதவுக்கு வந்து சேர சாயங்காலம் ஆகிவிடலாம். எங்கள் நீச்சல் உடை எல்லாம் அந்தப் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டது. மகன் மூன்று மணி நேரம் குளத்தின் விளிம்பில் உட்கார்ந்து, பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக் காலை மட்டும் தண்ணீரில் விட்டுக்கொண்டு மற்ற பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். மருந்து, பாஸ்போர்ட், ஒரு மாற்றுத் துணி, பிள்ளைகள் இரண்டு பேரின் நீச்சல் உடை, இவை தோளில் மாட்டும் பையில் இருக்கட்டும்.