பாங்கர் கோட்டைக்கு இரவில் ஏன் விடுவதில்லை? பேய் இருப்பது உண்மையா?

இரவுத் தடை உண்மைதான். சூரிய உதயத்துக்கு முன்பும் அஸ்தமனத்துக்குப் பிறகும் உள்ளே போகக்கூடாது என்று இந்தியத் தொல்லியல் துறை பலகையே வைத்திருக்கிறது, ஆனால் அதில் பேய் என்ற சொல்லே கிடையாது. ராஜஸ்தானின் ஆல்வார் மாவட்டத்தில், சரிஸ்கா புலிகள் காப்பகத்தை ஒட்டிய மலையடிவாரம் அது, விளக்கும் இல்லை, இருட்டினால் காட்டு விலங்குகள் வரும். அந்தத் தடைக்கு இதுவே போதுமான காரணம் என்பது என் கருத்து.

கதை என்ன என்றால், இளவரசி ரத்னாவதியை அடைய ஒரு மந்திரவாதி வாசனைத் தைலத்தில் வசியம் வைத்தானாம், அவள் அதைப் பாறையில் ஊற்ற, பாறை உருண்டு வந்து அவனையே நசுக்கியதாம், சாகும்போது ஊரையே சபித்தானாம். உண்மையில் இது 16ஆம் நூற்றாண்டில் அக்பரின் தளபதி மான்சிங்கின் தம்பி மாதோ சிங்குக்காக எழுப்பிய ஊர். பிற்காலத்தில் மெல்ல மெல்லத் தேய்ந்தது, 1783இல் பெரும் பஞ்சமும் வந்தது, அதன்பின் ஆளில்லாமல் போயிற்று.

கட்டாயம் போங்கள், பகலில். நுழைந்ததும் வரும் கடைத்தெருவின் கூரையில்லாத கடை வரிசை, அப்புறம் கோபிநாத் கோயிலின் சிற்பங்கள், இவற்றுக்கே அரை நாள் தேவை. பேய் தேடி வருகிறவர்கள் கோயிலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போவதுதான் எனக்கு வருத்தம். தண்ணீர் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள், குரங்குகள் அதிகம் என்பதால் தின்பண்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடக்காதீர்கள். கோடையில் வேண்டாம், வெயில் தாங்காது.