சப்வெர்ஷனை விட்டு கிட்டுக்குப் போகலாமா?

கேள்வி: எங்கள் அணியில் எட்டுப் பேர். கோடில் யார், எப்போது, என்ன மாற்றினார்கள் என்று பதிந்துவைக்கும் சப்வெர்ஷன் மென்பொருளில்தான் பல வருடமாக எங்கள் கோட் எல்லாம் இருக்கிறது. புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர், அதே வேலையைச் செய்யும் கிட்டுக்கு (Git) மாறியே ஆக வேண்டும் என்கிறார்கள். எங்கள் சீனியரோ, ‘ஓடுகிறதை ஏன் நோண்ட வேண்டும்?’ என்கிறார். முடிவெடுக்க வேண்டியவன் நான். என்ன செய்யட்டும்?

பதில்: அந்தச் சீனியரின் நாற்காலியில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் அவர் பக்கம் சாய்ந்துதான் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த இருவரிடமும், “சப்வெர்ஷனால் போன வாரம் எந்த வேலை கெட்டது?” என்று கேளுங்கள். ‘எல்லாரும் கிட்டில்தான் இருக்கிறார்கள்’ என்பதெல்லாம் பதில் இல்லை. ‘ஆளுக்கொன்றாக மாற்றியதை ஒன்றாகச் சேர்க்கவே (மெர்ஜ்) ஒரு நாள் போயிற்று, சர்வர் படுத்ததால் மதியம் முழுக்கக் கமிட் போட (செய்த மாற்றத்தைப் பதிய) முடியவில்லை’ என்றால் அது பதில். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் கிட்டை எழுதியதும் ஆசைப்பட்டு அல்ல. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலை எழுதுகிறவர்கள் காசில்லாமல் பயன்படுத்திவந்த, இதே வேலையைச் செய்யும் பிட்கீப்பர், இனி இலவசம் இல்லை என்றாகிவிட்டது. அவருக்கு வேறு வழி இல்லை.

கிட்டைக் கற்றுக்கொள்வது பெரிய விஷயமில்லை. ஒரு மாதம் முனகுவார்கள், அப்புறம் பழகிவிடும். படுத்துவதெல்லாம் அதைச் சுற்றி ஒட்டிக்கொண்டிருப்பவைதான். நாங்கள் மாறியபோது பழைய கமிட்டுகளை கிட்-எஸ்விஎன் என்கிற கருவியை வைத்து கிட்டுக்குக் கொண்டுவந்தோம். ஒவ்வொரு கமிட் குறிப்பின் அடியிலும் பழைய ரிவிஷன் எண்ணை, அதாவது சப்வெர்ஷன் கொடுத்திருந்த வரிசை எண்ணை, அது ஒரு வரியாக எழுதிவைக்கும். பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று, அந்த வரி வராமல் தடுக்கும் ஆப்ஷனைப் போட்ட மகானுபாவன் நான்தான். மூன்று மாதம் கழித்து ஒரு பழைய பக் (கோளாறு) திரும்பி வந்தது. பக் பட்டியலில் ‘4127-இல் சரிசெய்தாயிற்று’ என்று மட்டும் இருந்தது. கிட்டில் அந்த மாதிரி வரிசை எண்ணே கிடையாது. ஒவ்வொரு கமிட்டுக்கும் ஹாஷ் என்கிற, எண்ணும் எழுத்தும் கலந்த 40 எழுத்து அடையாளம்தான். தேதியை வைத்துத் துழாவிக் கண்டுபிடிக்க ஒன்றரை நாள் ஆயிற்று.

இன்னொன்று, காலி ஃபோல்டரை கிட் சேர்த்துக்கொள்ளாது. புரோகிராம் தன் லாக்கை (நடப்பதன் குறிப்பை) எழுதுவதற்காக வெறுமனே வைத்திருந்த ஃபோல்டர் புது சர்வருக்கு வந்து சேரவில்லை. புரோகிராம் எழுந்திருக்கவே மாட்டேன் என்றது.

இதற்காகப் பயப்படவும் வேண்டாம். பைத்தான் மொழியை உருவாக்குகிறவர்கள் 2011-இல் சப்வெர்ஷனிலிருந்து, கிட் மாதிரியே இன்னொன்றான மெர்க்கூரியலுக்குப் போனார்கள், 2017-இல் கிட்டில் உள்ள கோடை வைக்கும் இணையதளமான கிட்ஹப்புக்கு வந்தார்கள். பைத்தான் ஒன்றும் மூழ்கிவிடவில்லை.

ஒரு சின்ன புராஜெக்டை மட்டும் மாற்றிப் பாருங்கள், ரிலீஸ் வாரத்தில் வேண்டாம். அந்த வேலையைப் புதியவர்களிடம் கொடுக்காமல் சீனியரிடம் கொடுங்கள். எங்கெங்கே உடையும் என்று அவருக்குத்தான் தெரியும். இரண்டு வாரம் கழித்தும் ‘வேண்டாம்’ என்றால் காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். அதில் விஷயம் இருக்கும். மாறிய பிறகு பழைய சர்வரை, படிக்க மட்டும் முடிகிற மாதிரி, ஒரு வருடமாவது விட்டுவையுங்கள். எங்களுடையதை இரண்டாம் மாதமே துடைத்துவிட்டோம். துடைக்காமல் இருந்திருந்தால் அந்த 4127 ஐந்து நிமிட வேலை.