அடாப்டரில் 2 ஆம்பியர் எதற்கு?

கேள்வி: என் வைஃபை ரௌட்டரின் அடாப்டரில் 12 வோல்ட், 2 ஆம்பியர் என்று இருக்கிறது. அளந்து பார்த்தேன், அரை ஆம்பியர்தான் இழுக்கிறது. மீதி வீண்தானே?

பதில்: வீண் இல்லை. 2 ஆம்பியர் என்பது அடாப்டர் தள்ளுகிற அளவு அல்ல, கேட்டால் தரக்கூடிய உச்ச அளவு. ரௌட்டர் கேட்பது மட்டும்தான் போகும்.

நீங்கள் அளந்தது அது சும்மா இருக்கும் நேரத்தில். அதன் யுஎஸ்பி துளையில் ஒரு ஹார்ட் டிஸ்க்கைச் செருகினால், தட்டு சுழலத் தொடங்கும் ஓரிரு நொடி மின்னோட்டம் எகிறும். சாதாரண மல்டிமீட்டர் அதைச் சரியாகப் பிடிக்காது. அடாப்டரின் ஆம்பியர் போதாவிட்டால் வோல்ட் சரிந்து ரௌட்டர் அணைந்து எழும்.

என் கவலை அதைவிட சூட்டைப் பற்றித்தான். பழுதுக்கு வரும் அடாப்டரைத் திறந்தால், தலை உப்பிய கெப்பாசிட்டரைத்தான் (மின்சாரத்தைத் தேக்கித் தரும் சின்ன உருளை) அடிக்கடி பார்க்கிறேன். உள்ளிருக்கும் திரவம் சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாக வற்றிவிடுகிறது. 10 டிகிரி குறைந்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பது எங்கள் தொழிலில் பழைய கணக்கு. எப்போதும் முழுச் சுமையில் ஓடும் அடாப்டர் நன்றாகச் சுடும், பாதிச் சுமையில் ஓடுவது வெதுவெதுப்பாக இருக்கும்.

அப்புறம், வேறு அடாப்டர் போட்டால் ஆம்பியர் கூடுதலாக இருக்கலாம். வோல்ட் மட்டும் அதேதான் இருக்க வேண்டும். லேபிளில் சின்ன வட்டத்தோடு இருக்கும் கூட்டல், கழித்தல் குறிகளும் பொருந்துகின்றனவா என்று பார்த்துவிட்டுச் செருகுங்கள்.