வீட்டு முன்சுவருக்குக் கூழாங்கல் பூச்சு செய்தால் நிற்குமா, உதிர்ந்துவிடுமா?

நிற்கும். ஈரச் சாந்தின் மேல் கூழாங்கல்லை வீசிப் பதிக்கிற இந்தப் பூச்சு எங்கள் வீட்டில் முதல் தடவை உதிர்ந்தது. ஏன் உதிர்ந்தது என்று சொன்னாலே உங்களுக்குப் பதில் கிடைத்துவிடும், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நீங்கள் கேட்ட விதத்தைப் பார்த்தால் சுவர் எழும்பியாகிவிட்டது, எலிவேஷனுக்கு, அதாவது முகப்புக்கு, என்ன செய்வது என்று வீட்டில் தினமும் பேச்சு ஓடுகிறது, யாரோ ஒருவருடைய வீட்டுப் படத்தை செல்போனில் வைத்துக்கொண்டு சுற்றுகிறீர்கள், மேஸ்திரியும் 'பண்ணிடலாம் சார்' என்று சொல்லியிருப்பார். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் இன்ஜினியர் இல்லை, திண்டிவனத்தில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். படித்தவர்கள் யாராவது வந்து தப்பு என்றால் திருத்திக்கொள்கிறேன். ஆனால் 'டைல்ஸ் ஒட்டியிருக்கலாமே' என்று மட்டும் யாரும் ஆரம்பிக்காதீர்கள், அதை என் மச்சான் இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

2022-இல் வீடு கட்டினோம். மேற்குப் பார்த்த மனை. கல் வாங்க நானும் மனைவியும் பாண்டிச்சேரி ரோட்டில் ஒரு இடத்துக்குப் போனோம். எங்கள் பக்கம் கூழாங்கல்லுக்குப் பஞ்சமில்லை, ஆரோவில் பக்கம் செம்மண்ணைத் தோண்டினாலே வரும். அங்கே பழுப்பும் மஞ்சளுமாக, மண் ஒட்டிய சாதாரணக் கல் ஒரு பக்கம் குவிந்து கிடந்தது. பக்கத்திலேயே சாக்கில் வெள்ளை வெளேரென்று பளபளக்கும் கல், தோட்டத்தில் போடுகிற வகை, ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஓர் அங்குலம். பெரிதாக இருந்தால் எடுப்பாக இருக்கும் என்று அதையே எடுத்தோம். விலை இரண்டு மடங்குக்கு மேல்.

உள்பூச்சு வேலை செய்துகொண்டிருந்த பெரியவர் ஒரு கல்லை எடுத்தார். வேட்டியில் ஒரு தேய்ப்பு தேய்த்தார். தண்ணீர் பாட்டிலிலிருந்து நாலு சொட்டு அதன் மேல் விட்டார். தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டு ஓடியது. 'தம்பி, இது பாலீஷ் போட்ட கல்லு. மேல மெழுகு இருக்கு. சாந்து கவ்வாது. சோப்புத்தூள் போட்டுத் தேய்ச்சுக் கழுவணும், அப்பவும் இந்த சைஸ் சுவத்துல நிக்கறது கஷ்டம்' என்றார். அதோடு, மேற்குச் சுவரில் நிழல் இருக்கும்வரைதான் வேலை, மத்தியானத்துக்கு மேல் தொட மாட்டேன், நாலு நாள் ஆகும் என்றார்.

எனக்கு நாலு நாள் இல்லை. வைகாசியில் கடைசி முகூர்த்தம் குறித்தாகிவிட்டது. விட்டால் ஆனி, ஆடி தாண்டி ஆவணிதான், அதுவரை வாடகை யார் கொடுப்பது? காண்ட்ராக்டர் வேறு ஆளைக் கூட்டி வந்தார், 'சார், ஒரே நாள், சாயங்காலம் போட்டோ எடுத்துக்குங்க' என்றார். (எல்லா காண்ட்ராக்டரும் அப்படி என்று நான் சொல்லவில்லை. என் சித்தப்பா மகனே காண்ட்ராக்டர்தான்.)

அக்னி நட்சத்திர வெயில். பதினொரு மணிக்கு ஆரம்பித்தார்கள். முன்சுவர் முழுக்க மேல்பூச்சைப் பூசி முடித்துவிட்டு, அப்புறம் சாரத்தில் ஏறிக் கல்லை வீசினார்கள். நான் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் 'சதக் சதக்' என்று பதிந்த கல் இரண்டு மணி வாக்கில் 'டக் டக்' என்று எகிறிக் கீழே விழ ஆரம்பித்தது. சாந்து இறுகிவிட்டது என்று இப்போது தெரிகிறது. அப்போது அவர்கள் சிமெண்ட் பாலைத் தெளித்து, பூச்சைச் சமப்படுத்துகிற மணியாஸ் கட்டையால் அடித்து உட்கார வைத்தார்கள். நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். அதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

கிரகப்பிரவேசத்தன்று எல்லோரும் சுவரின் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். சம்பந்தமில்லாமல் ஒன்று சொல்லிக்கொள்கிறேன்: அன்றைக்கு வந்த சுவர்க் கடிகாரம் மட்டும் பதினொன்று. மூன்று அறை உள்ள வீட்டுக்குப் பதினொரு கடிகாரம். அதில் ஏழில் கொடுத்தவர் பெயர் முகப்பிலேயே அச்சடித்திருக்கிறது, அடுத்தவருக்குக் கொடுக்கவும் முடியாது. அவர்கள் வீட்டுக்கு வரும்போது மாட்டியிருக்கிறதா என்று கண் தேடும். தயவுசெய்து மொய்யாக எழுதிவிடுங்கள் ஐயா.

சரி, கல்லுக்கு வருகிறேன். மூன்றாவது வாரம் முதல் கல் விழுந்தது. பகல் முழுக்கக் காய்ந்த சுவர் சாயங்காலம் ஆறும்போதுதான் அதிகம் விழும், வாசலில் உட்கார்ந்திருந்தால் 'டொக்' என்று கேட்கும். அம்மா அதையெல்லாம் பொறுக்கி ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்தார், பேத்தியோடு பல்லாங்குழி ஆட. தீபாவளிக்குள் பாட்டில் நிறைந்துவிட்டது. விழுந்த கல்லைத் திருப்பிப் பார்த்தால் ஒரு துளி சிமெண்ட் ஒட்டியிருக்காது. சுவரில் அது இருந்த குழி கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்கும்.

வெட்கத்தை விட்டு அந்தப் பெரியவரையே கூப்பிட்டேன். ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. சுத்தியல் காம்பால் சுவரைத் தட்டிக்கொண்டே போனார், 'தொப் தொப்' என்று பிடிப்பில்லாமல் கேட்ட இடத்திலெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டார். கடைசியில் முக்கால்வாசிச் சுவர் வட்டத்துக்குள் இருந்தது. முதல் ஒரு மணி நேரத்தில் அடித்த வலதுபக்க மேல் மூலை மட்டும் கெட்டியாக இருந்தது. அதே கல், அதே சிமெண்ட், அதே ஆள். சாந்து ஈரமாக இருந்தபோது போனதால் அந்த மெழுகுக் கல்லைக்கூட அது எப்படியோ பிடித்துக்கொண்டிருக்கிறது.

தை மாதம் மறுபடி செய்தோம். இந்தத் தடவை மண் ஒட்டிய பழுப்புக் கல். சல்லடையில் சலித்துப் பெரிதையும் பொடியையும் ஒதுக்கி, தண்ணீர் தெளிவாக ஓடும்வரை கழுவி, எல்லா மூட்டையையும் ஒன்றாகக் கொட்டிக் கலந்தார்கள். மூட்டைக்கு மூட்டை நிறம் மாறும், கலக்காவிட்டால் சுவரில் திட்டுத் திட்டாகத் தெரியும். அடிப்பூச்சு காயும் முன்னால் ஆணி அடித்த கட்டையால் அலை அலையாகக் கீறிவிட்டுப் பல நாள் தண்ணீர் காட்டினார். மேல்பூச்சு நாளில் சாரத்தில் பச்சை வலை கட்டி, சுவரை நனைத்துவிட்டு, நாலடிக்கு ஐந்தடி அளவுக்கு மட்டும் பூசினார். ஒரு ஆள் பூசப் பூச இன்னொருவர் சின்ன முறத்தில் கல்லை அள்ளி வீசுகிறார், உடனே கட்டையால் லேசாக அழுத்தல், கல்லில் பாதி உள்ளே போக வேண்டும், அப்புறம்தான் அடுத்த கட்டம். கீழே தார்ப்பாய் விரித்து, விழுந்த கல்லைக் கழுவி மறுபடி எடுத்துக்கொண்டார்கள். பெரியவர் சொன்ன நாலு நாள் ஐந்தாக ஆனது.

பொதுப்பணித் துறையில் இருக்கிற நண்பர் ஒருவர் பிற்பாடு மத்தியப் பொதுப்பணித் துறையின் விவரக்குறிப்பைக் காட்டினார். அடிப்பூச்சு 12 மி.மீ., 1:4 கலவை (சிமெண்ட் ஒரு பங்கு, மணல் நாலு பங்கு). மேல்பூச்சு 10 மி.மீ., 1:3 கலவை, சிமெண்டில் பத்தில் ஒரு பங்கு நீற்றுச் சுண்ணாம்பு சேர்த்து. கல் 6 முதல் 12.5 மி.மீ. வரை, கழுவியது. பத்து மி.மீ. சாந்தில் நான் இருபத்தைந்து மி.மீ. கல்லை நட்டிருக்கிறேன்! பெரியவர் அந்தப் புத்தகத்தைப் பார்த்திருக்கவே மாட்டார்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது பக்கத்தில் மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை. மூன்றாம் நாள் வாசலில் குனிந்து தேடினேன், இரண்டு கல் கிடந்தது. உள்பக்கம் ஈரம் இல்லை. இத்தனைக்கும் குறை இல்லாமல் இல்லை: தூசி உட்காரும், சிலந்தி கூடு கட்டும், குழந்தைகள் உரசினால் தோல் சிராய்க்கும், அதனால் நடக்கிற சந்துப் பக்கம் வேண்டாம். விட்டுவைத்த அந்த வலதுபக்க மூலை மட்டும் வெள்ளையாகத் தனியே தெரிகிறது. வருகிறவர்கள் அது டிசைனா என்று கேட்கிறார்கள், ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன்.

கல் வாங்கப் போகும்போது கையில் ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போங்கள்.