எங்கள் ஊரில் 3 கோடி ரூபாயில் சிறு விளையாட்டரங்கம் வரப்போகிறது. அந்தப் பணத்தில் ரோடு போட்டால் ஊருக்கு நல்லதில்லையா?

ரோடும் வேண்டும்தான். ஆனால் நான் கோவில்பட்டிக்காரன், ஹாக்கி ஆடி வளர்ந்தவன். என் பதில் கொஞ்சம் ஒருபக்கமாகச் சாயும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பள்ளியில் நாங்கள் ஆடியது சரளை மண்ணில். நேராகத்தானே வருகிறது என்று மட்டையை நீட்டினால், பந்து ஒரு கல்லில் பட்டு எகிறி முழங்காலுக்குக் கீழே அடிக்கும். அதற்குப் பயந்தே மட்டையைச் செங்குத்தாகப் பிடித்துப் பழகிவிட்டோம். டர்ஃப் என்கிற செயற்கைப் புல்தரையில் இது எடுபடாது. அங்கே பந்து எகிறாமல் வழுக்கிக்கொண்டு வரும்; நன்றாகக் குனிந்து, மட்டையைத் தரையோடு படுக்க வைத்துத் தடுக்க வேண்டும். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கிலேயே ஹாக்கி செயற்கைத் தரைக்குப் போய்விட்டது. இந்தியாவுக்கு அந்த முறை ஏழாவது இடம். எங்கள் ஊர்ப் பையன்கள் அதற்கப்புறமும் எத்தனையோ வருஷம் மண்ணில்தான் புரண்டார்கள். ஆட்டத்தில் ஒரு குறையும் கிடையாது. ஆனால் வெளியூர் டர்ஃபில் இறங்கினால், இரண்டு கோல் வாங்கிய பிறகுதான் பந்தின் வேகமே பிடிபடும்.

உள்ளூரிலேயே டர்ஃப் வந்ததும் அந்தத் தடுமாற்றம் போனது. 2022 ஜகார்த்தா ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் இரண்டு தமிழ்நாட்டுப் பையன்கள் இருந்தார்கள். மாரீஸ்வரன் சக்திவேல் எங்கள் ஊர். கார்த்தி செல்வம் அரியலூர்க்காரர், ஆனால் பயிற்சி எடுத்தது இங்கே விடுதியில் தங்கி.

வியாபாரம் பெருகும் என்று யாராவது சொன்னால் ரொம்ப நம்பாதீர்கள். 2021 டிசம்பரில் ஜூனியர் தேசியப் போட்டி இங்கே நடந்தபோது லாட்ஜும் ஹோட்டலும் களைகட்டின, வடக்கத்திப் பையன்கள் பை பையாகக் கடலைமிட்டாய் வாங்கிப் போனார்கள். அதெல்லாம் சில நாள் கூத்து. வருஷம் முழுக்க நிற்பது செலவுதான். ஹாக்கி டர்ஃபுக்குத் தண்ணீர் அடித்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் பந்தும் ஓடாது, விழுந்தால் தோலும் உரிந்துவிடும். குடிநீருக்கே குடத்தோடு வரிசையில் நின்ற ஊரில் இதைப் பார்த்து முணுமுணுத்தவர்கள் உண்டு. அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை.

பக்கத்தில் இன்னோர் ஊரில் (பெயர் வேண்டாம்) கேலரி, சுற்றுச்சுவர், கல்வெட்டு எல்லாம் பளபளவென்று இருக்கிறது. கேட்டில் பூட்டு. ஒருமுறை அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். சாவி வைத்திருப்பவர் பத்து மணிக்கு மேல்தான் வருவார் என்றார்கள். பத்து மணி வெயிலில் எந்தப் பிள்ளை ஓடும்? பையன்கள் வெளியே ரோட்டோரத்தில் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே கட்டலாமா வேண்டாமா என்பதைவிட, உங்கள் ஊர்ப் பிள்ளைகள் இப்போதே எதை ஆடுகிறார்கள் என்று பாருங்கள். கபடி ஊரென்றால் முதலில் கபடிக்கு நல்ல தளம் கேளுங்கள். காலை ஐந்தரைக்குக் கேட்டைத் திறக்கப்போவது யார், ராத்திரி விளக்குக்குக் கரண்ட் பில் கட்டப்போவது யார் என்று திறப்பு விழாவுக்கு முன்பே மனு கொடுத்து, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.